பட்டில் சலித்த பொடி

14 ஆகஸ்ட் 2008

காலையில் போன மின்சாரம் பன்னிரண்டு மணிக்கு வந்தது. வந்ததுமே பின்னால் ஷெட்டில் மின்விசிறி சுற்றும் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தேன். அஞ்சம்மாள்தான் போட்டிருக்கிறாள். திறந்திருந்த மூட்டையிலிருந்து பொடி மேகமாக எழும்பி, பொட்டலம் கட்டும் பெண்கள் எல்லோரும் சுண்ணாம்பு பூசியவர்கள் போல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஷெட்டில் வேலை நேரத்தில் விசிறி கூடாது. ஜன்னல் திறக்கக் கூடாது. கதவின் அடியில் ஈரச்சாக்கு கிடக்க வேண்டும். ஒரு கைப்பிடிப் பொடிகூட வீணாகக் கூடாது என்று என் கணவர் இருந்த காலத்திலேயே போட்ட விதி. இத்தனை வருடமாக இங்கே வேலை செய்பவளுக்கு இதை நான் சொல்ல வேண்டுமா?

“வேர்த்து ஊத்துதும்மா. காத்து உள்ள வரணும்னாகூட கேட்டுல பாஸ் கேப்பீங்க போலகீது,” என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நான் விசிறியை நிறுத்திவிட்டு வந்தேன்.

ஒழுங்கு இல்லாமல் தரம் இல்லை. மாநில எல்லைக்கு அப்பாலுள்ள மில்லிலிருந்து வெள்ளைக்கல் மாவு வருகிறது. சோடாவும் சோப்புத் தூளும் கலந்தால் ‘வெள்ளிமீன் பாத்திரப் பொடி’. அவர் கம்பிச் சல்லடையில் சலித்தார். அது கரகரவென்று இருக்கும். எவர்சில்வரில் கீறல் விழும் என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். அவர் மவுத்தான பிறகு நான்தான் என் கல்யாணப் பட்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினேன். அதற்குப் பிறகு கும்மிடிப்பூண்டியிலிருந்து திருநின்றவூர் வரைக்கும் எந்தக் கடையிலிருந்தும் ஒரு புகார் கிடையாது. நீலப் பொட்டலத்தில் ‘பட்டில் சலித்தது’ என்று அச்சடித்திருப்பது வெறும் பெருமைக்காக அல்ல, உண்மை அது.

என் முழங்கால் போனதிலிருந்து சலிப்பது மகள் சமீனா. உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு. பழவேற்காட்டில் புருஷன் வீடு வேண்டாம் என்று திரும்பி வந்த நாளாக இந்த வேலைதான் அவளை நிமிர்த்தி வைத்திருக்கிறது. என்னைவிட நன்றாகச் சலிக்கிறாள். அவளிடம் இதைச் சொன்னதில்லை.

16 ஆகஸ்ட்

மோதிரம் கழலவில்லை. சோப்பு, தேங்காயெண்ணெய் இரண்டும் போட்டுப் பார்த்தாயிற்று. சமீனாவிடம் சொல்லவில்லை.

3 செப்டம்பர்

நேற்று நோன்பு தொடங்கியது. சஹர் சாப்பாட்டுக்குப் பிறகு, தொழுகைக்கு ஒளு செய்யக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சியும் இல்லை. ஆனால் விரல்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. மெழுகுவர்த்தி நிறம். நடுக்கணுவில் கோடு கிழித்தாற்போல் நின்றது வெளுப்பு. உயிரே இல்லை. தொழுகைப் பாயில் உட்கார்ந்திருக்கும்போது நீலமாகி, பிறகு சிவந்து, ஊசி குத்துவது போல் வலித்தது.

வயதாகிறது. அவ்வளவுதான். இதற்குப் போய் யாரை எழுப்புவது?

21 செப்டம்பர்

அஞ்சம்மாள் இந்த வாரம் முழுக்க வரவில்லை. சளி, மூச்சு வாங்குகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசநோய் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அவள் புருஷன் ஊதும் பீடிப் புகை ஒரு வீட்டையே கெடுக்கும். நான் அப்போதே சொன்னேன்.

மொஹசின் மாதவரத்திலிருந்து வந்திருந்தான். சென்னையில் பெரிய கடை ஒன்று பொங்கலுக்கு ஆர்டர் தரப்போகிறதாம். பொங்கலுக்கு முந்தின வாரம் தமிழ்நாட்டில் தேய்க்காத பித்தளை கிடையாது. “இந்த ஒரு சீசன ஓட்டிக்கினா போதும் உம்மா, அப்பறம் பேஜாரே இல்ல,” என்கிறான். கான்வென்டில் படித்த தாய்க்கு, கல்லூரியில் படித்த பிள்ளை. பேச்சு மட்டும் லாரி ஷெட்டில் கற்றது.

2 அக்டோபர் — பெருநாள்

எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

தங்கை மகள் அஃபீஃபா வந்தாள். டாக்டருக்குப் படித்து முடித்து, உடம்பு நோயை எதிர்க்கும் விதம் பற்றிச் சென்னையில் மேல்படிப்புப் படிக்கிறாள். ஸலாம் சொல்லி என் கையைப் பிடித்து முத்தமிட்டவள், கையை விடவில்லை. புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ள வரவில்லை. தோல் எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாயை நன்றாகத் திறங்கள் என்றாள். நன்றாகத்தான் திறந்தேன். அவ்வளவுதான் திறந்தது.

“எத்தன நாளா பெரியம்மா இப்படி?”

பிரியாணி ஆறுகிறது என்றேன்.

சாப்பிட்ட பிறகு கண் பார்க்கும் விளக்கைப் பையிலிருந்து எடுத்தாள். என் நகத்தின் ஓரத்தில், தோல் தொடங்கும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாக மாற்றிக்கொண்டே போனாள். அவள் அம்மாவும் இப்படித்தான், கெட்ட செய்தி என்றால் வாயே திறக்க மாட்டாள்.

எனக்கும் காட்டு என்று கேட்டேன். முதலில் அவள் நகத்தைக் காட்டினாள்: மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள், வளைந்து வளைந்து, வரிசை பிசகாமல். கைக்குட்டை ஓரம் மடித்துத் தைத்தது போல் அழகு. பிறகு என்னுடையது. பாதித் தையல் இல்லை. இருந்தவையும் புழுப் போல் பெருத்து, நடுவில் ரத்தப் பொட்டுகள். கான்வென்டில் தையல் சிஸ்டர் இதைப் பார்த்திருந்தால் பிரித்துப் போட்டு, முதலிலிருந்து தை என்றிருப்பார்.

என் கணவர் பொடியின் பருமன் பார்க்க வைத்திருந்த லென்ஸைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதில் அவள் நகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. என் நகத்தில் தெரிந்தது. “இந்த மாதிரி சின்ன லென்ஸ்ல சாதாரணமா தெரியக் கூடாது பெரியம்மா. தெரிஞ்சா, குழாய் பெருத்துப் போச்சுன்னு அர்த்தம்.”

சமீனாவின் கையையும் பார்க்கலாம் என்றாள். சமீனா நீட்டினாள்: பெருநாள் மருதாணி, ஒவ்வொரு விரல் நுனிக்கும் தொப்பி, நகத்தோரம் வரை கறுத்த சிவப்பு. “இந்தக் கலர்ல ஒண்ணும் தெரியாது அக்கா,” என்று அஃபீஃபா கையை விட்டுவிட்டாள்.

9 அக்டோபர்

சென்னை ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். நோயின் பெயர் ஸ்க்லீரோடெர்மா. தோல் இறுகும், தோலோடு நிற்காமல் நுரையீரலும் இறுகலாம். பெரிய டாக்டர், கல் உடைக்கும் வேலை, கல் அரைக்கும் வேலை ஏதாவது செய்ததுண்டா என்று கேட்டார்.

நான் அப்படிப்பட்ட வேலைக்குப் போகிறவள் போலவா இருக்கிறேன்? இல்லை என்றேன். அஃபீஃபா என்னைப் பார்த்தாள். டாக்டர் முன்னால் ஒன்றும் பேசவில்லை. அந்த மட்டில் வளர்ப்பு சரி.

திரும்பும் ரயிலில், அத்திப்பட்டு புகைபோக்கிகள் ஜன்னலில் வந்தபோதுதான் ஆரம்பித்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். நாளைக்கு நான் இதை நம்ப மாட்டேன் என்று எனக்கே தெரியும்.

நுரையீரலின் கடைசி அறைகளில் விழுங்கும் செல்கள் காவல் இருக்கின்றன. அவற்றுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். பிறவியிலேயே வந்த வேலை. கிருமியோ தூசியோ எது வந்தாலும் விழுங்கிக் கரைத்துவிடும். வெள்ளைக்கல் துகளையும் விழுங்குகின்றன. கல் கரையாது. விழுங்கிய செல்லின் உள்ளே எல்லாம் கிழிந்து, அது அபாய மணி அடித்துக்கொண்டே சாகிறது. கல் மறுபடி வெளியே விழுகிறது. அடுத்த செல் வந்து அதே கல்லை விழுங்குகிறது. பிறகு அதற்கடுத்தது. பொடி பறந்த காலம் முடிந்தாலும் இது முடிவதில்லை. அந்த மணி எது என்று இந்த வருடம்தான் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்களாம்.

வேறொரு வகைச் செல் தூது போகிறது. அங்கே சிதறிக் கிடப்பதில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, நெறி கட்டுமே, அந்த இடத்துக்குப் போகிறது. அங்கேதான் படிக்கும் செல்கள் இருக்கின்றன: எதிரி யார் என்று கற்றுக்கொண்டு படை திரட்டுகிறவை. தூதுச் செல் துண்டைக் காட்டும். மணி அடிக்காதபோது காட்டினால் படிக்கும் செல்கள் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கும். மணி அடிக்கும்போது காட்டினால், காட்டியது எதுவாக இருந்தாலும் எதிரிதான்.

எனக்கு மதர் சுப்பீரியர் நினைவு வந்தார். அவர் எங்கள் வகுப்புக்குள் ஒரு நாளும் வந்ததில்லை. வகுப்பு லீடர் கையில் என்ன கொண்டு போகிறாள், எந்த முகத்தோடு போகிறாள் என்பதை வைத்தே தண்டனை முடிவாகும்.

“லீடர் தப்பான பிள்ளையைக் காட்டிவிட்டால்?” என்று கேட்டேன்.

“அதுதான் நடக்குது. செத்துக் கிடக்கற செல் யாருது? உங்களுது. அந்தத் துண்டையும் சேத்துத்தான் தூக்கிட்டுப் போகுது. பத்து வருஷமா மணி அடிச்சிட்டே இருக்கு. ஒரு நாள் உங்க உடம்பையே எதிரின்னு படிச்சிடுது.”

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லையாம். சிலருக்கு நுரையீரல் மட்டும் கெடும். சிலருக்கு மூட்டு. சிலருக்கு ஒன்றுமே இல்லை. யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

படித்ததை மறக்க வைக்க முடியாதா என்று கேட்டேன்.

“மறக்காம இருக்கறதுதான் பெரியம்மா அதோட வேலையே. அம்மைக்கு ஊசி போட்டா வருஷக்கணக்கா ஞாபகம் வெச்சுக்குதே, அதே குணம். மாத்திரையில கொஞ்சம் அடக்கலாம். அழிக்க முடியாது.”

பொன்னேரியில் கூட்டம் இறங்கியது. ஒருத்தி வேர்க்கடலை விற்றுக்கொண்டு வந்தாள். அஃபீஃபா வாங்கினாள். அவளுக்குப் பசிக்கிறது. சின்ன வயது.

11 அக்டோபர்

நான் நம்பவில்லை.

மண்ணையா தின்றேன்? சுத்தம் செய்கிற பொருள் அது. நூறு வீட்டுச் சமையலறை அதனால் பளபளக்கிறது. சோடா இருக்கிறது, சோப்பு இருக்கிறது, அதை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் குற்றம் சொன்னால்? அப்படியே கல்தான் என்றாலும், அவர் இருந்தபோது எவ்வளவு மோசமான பொடி பறந்தது — பல்லில் கடிபடும், கண்ணில் உறுத்தும். அப்போது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே. நான் வந்த பிறகுதானே இவ்வளவு நைசாக —

தொலைபேசியில் அஃபீஃபாவிடம் இதையே சொன்னேன். அவள் சொன்னாள்: கரகரப்பாக இருந்தால் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், காறித் துப்பிவிடலாம். நைசாக இருப்பதுதான் அடிவரை போகும்.

“நீங்க சலிச்சதுதான் பெரியம்மா,” என்றாள்.

18 அக்டோபர்

அஞ்சம்மாள் நெஞ்சுப் படத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அஃபீஃபா வருகிறாள் என்று சமீனா சொல்லி அனுப்பியிருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

கேட்டிலிருந்து வாசற்படி வருவதற்குள் கிணற்றுச் சுவரில் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தாள். அஃபீஃபா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மேல் பக்கம் இரண்டு நுரையீரலிலும் யாரோ சேமியாவுக்குச் சீனி தூவியது போல் வெள்ளைப் பொட்டுகள். காசநோயும் இருக்கிறது, கல் இருக்கும் நுரையீரலில் அந்தக் கிருமி சுலபமாகக் குடியேறுமாம், விழுங்கும் செல்கள் ஏற்கெனவே செத்துக் கிடப்பதால். மாத்திரையை நடுவில் நிறுத்தவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கிருமி போகலாம். கல் போகாது.

அஞ்சம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“அப்போ என் நெஞ்சு உள்ளாற பளபளன்னு கீதுன்னு சொல்லுங்கம்மா.”

யாரும் சிரிக்கவில்லை. அவள் மட்டும் லேசாகச் சிரித்தாள்; இந்தத் தடவை இருமக்கூட மூச்சு இல்லை.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? டீ குடித்துவிட்டுப் போ என்றேன்.

20 அக்டோபர்

ஷெட்டில் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டேன். விசிறி ஓடுகிறது. பெண்கள் மூக்கில் துணி கட்டிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. பொடி பாதி வாசலுக்குப் போகிறது. பறக்கட்டும். சமீனாவை உள்ளறைக்குப் போக வேண்டாம் என்றேன். பட்டுச் சலிப்பு இல்லாமல் பொட்டலத்தில் அந்த வார்த்தை எப்படி இருக்கும் என்று திருப்பிக் கேட்டாள். என் பிள்ளை.

2 நவம்பர்

துணி போதாதாம். அஃபீஃபா திட்டாத குறை. கண்ணுக்குத் தெரியாத துகள் சேலைத் துணியில் நுழைவது, மீன் வலைக்குள் கொசு போவது மாதிரி. வேலையையே நிறுத்த வேண்டும் என்கிறாள்.

மொஹசின் வந்தான். பொங்கல் ஆர்டர் கையெழுத்தாகிவிட்டது. நோய் என்றால் யாருக்குத்தான் இல்லை, எண்ணூரில் சாம்பல், மணலியில் புகை, இங்கே பொடி, எல்லாரும் பிழைக்கத்தானே செய்கிறார்கள் என்றான். நான் கையை அவன் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். விரல்கள் இப்போது முழுதாக நீளுவதில்லை. அவன் பார்வையை மாற்றிக்கொண்டான்.

சமீனாதான் அவனுக்காகப் பேசினாள்.

“பொங்கல் வரைக்கும் நானே சலிக்கிறேன் உம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல. ஷெட்டு மூடிட்டா நான் இந்த வீட்டுல யாரு? புருஷன வுட்டுட்டு வந்தவ. அவ்ளோதான்.”

சரி என்று தலையாட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது.

27 நவம்பர்

புயல் மழை. இரண்டு நாளாகச் சென்னை ரயில் இல்லை. ஷெட்டின் தகரம் ஒரு பக்கம் பிய்ந்து, பொடி மூட்டைகள் நனைந்து, சோடா கலந்தது பாறையாக இறுகிவிட்டது. வேலை இல்லை. வீட்டில் தூசி இல்லை. இத்தனை வருடத்தில் முதன்முறையாக மேசையை விரலால் தடவினால் விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

எனக்கு மூச்சு வாங்குகிறது, மாடிப் படியில். குளிர் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சமீனா இரண்டு கையிலும் பழைய காலுறையை மாட்டிக்கொண்டு சமைக்கிறாள். ஏன் என்று கேட்டேன். மருதாணி அரைத்து வைத்திருக்கிறேன், அழியாமல் இருக்கத்தான் என்றாள். பெருநாளுக்கு இன்னும் நாள் இருக்கிறதே?

10 டிசம்பர்

நேற்று ஹஜ் பெருநாள். சமீனாவின் விரல்களில் புது மருதாணி, தொப்பி இன்னும் நீளமாக, நடுக்கணு வரை. சின்னப் பெண்கள்கூட இப்போது கோலம் மாதிரி படம்தான் போடுகிறார்கள். இவள் மட்டும் பழைய வழக்கப்படி விரலை மூழ்கடிக்கிறாள். எனக்குப் பிடிக்கத்தான் செய்தது. அழகாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் கையை முந்தானைக்குள் எடுத்துக்கொண்டாள்.

19 டிசம்பர்

காலையில் பனி. ஒளு செய்ய எனக்கு வெந்நீர் வைத்துத் தருகிறாள் சமீனா. இன்று குழாயடியில் அவள் ஒளு செய்வதைப் பார்த்தேன். அவளும் வெந்நீரில்தான் செய்கிறாள்.

இந்த வீட்டில் குளிர்ந்த தண்ணீரைப் பார்த்துப் பயந்தவள் நான் ஒருத்தி மட்டும்தான்.

எதையாவது நினைத்துக்கொண்டு எழுதாதே. டிசம்பரில் யாராக இருந்தாலும் வெந்நீர் கேட்பார்கள்.

28 டிசம்பர்

இன்றைக்கு எல்லாரையும் அனுப்பிவிட்டேன். வேறு வேலை பார்த்துக்கொள்ளும் வரை சம்பளம் வீட்டுக்கு வரும் என்றேன். யாரும் அழவில்லை, ஒருத்தி, இருமல் நின்றால் திரும்ப வரலாமா என்று கேட்டாள்.

கத்தரிக்கோல் பிடிக்க என் விரல் வளையவில்லை. கத்தியால் பட்டைச் சட்டத்திலிருந்து அறுத்தேன். இருபது வயதில் உடுத்தியது. வெளிச்சத்தில் பிடித்தால் இன்னும் எங்கும் நைந்து போகவில்லை. நல்ல பட்டு.

மாலையில் மொஹசின் மினி லாரியோடு வந்து நின்றான். மீதி மூட்டைகளை அத்திப்பட்டில் ஒருவர் எடுத்துக்கொள்கிறாராம், வெள்ளிமீன் பெயரோடு சேர்த்து. அவர் வீட்டிலும் பெண்கள்தான் பொட்டலம் கட்டுவார்கள். நான் தோட்டத்துக் குழாயை இழுத்துவந்து மூட்டைகள் மேல் தண்ணீரைத் திறந்துவிட்டேன். வெறும் கையால் பிடித்திருந்தேன். விரல்கள் செத்துப் போயின, விடவில்லை. “உங்களுக்குப் பைத்தியமா உம்மா?” என்று கத்தினான். லாரிக்காரன் இறங்கிக்கூடப் பார்க்காமல் பீடி பற்றவைத்தான்.

ஈரமான பொடி பறக்காது. அது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

சமீனா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவும் இல்லை. வெளியே வரவும் இல்லை.

3 ஜனவரி 2009

மொஹசின் பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும்.

14 ஜனவரி

பொங்கல். தெருவில் இந்த வருடம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததாக எதிர்வீட்டுப் பங்கஜவல்லி சொன்னாள். வெள்ளிமீன் மாதிரி வரவில்லையாம். பாராட்டுத்தான்.

அஞ்சம்மாள் வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. அவள் வரவில்லை, மகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். வாசற்படி ஏறுவதில்லையாம் இப்போது.

சமீனாவிடம், இனிமேல் மருதாணி வைக்காதே என்றேன். காரணம் சொல்லவில்லை. எதற்கு என்று அவளும் கேட்கவில்லை.

16 ஜனவரி

வைத்திருக்கிறாள்.

25 ஜனவரி

அஃபீஃபாவுக்குத் தொலைபேசி செய்தேன். தூசி நின்றுவிட்டால் எல்லாம் நின்றுவிடும் அல்லவா என்று கேட்டேன். சிலருக்கு நிற்கும் என்றாள். சிலருக்கு, உள்ளே போனதே போதும். மணி அடித்துக்கொண்டுதான் இருக்கும், தூது போய்க்கொண்டுதான் இருக்கும். ஏன் கேட்கிறீர்கள் என்றாள்.

சும்மா என்றேன். என் நுரையீரலைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்திருப்பாள். ஆறுதலாக இரண்டு வார்த்தை சொன்னாள்.

22 பிப்ரவரி

நான்கு வாரமாகச் சமீனா மருதாணி வைக்கவில்லை. அரைக்கக் கை வரவில்லை என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது: கல்வத்தின் குழவி அவள் கையிலிருந்து நழுவி விழுந்து, அவள் அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். விரல்களில் சாயம் வெளிறி, நகத்தின் அடியில் புதுசாய் வளர்ந்த பகுதி தெரிந்தது.

கையைக் கொடு என்றேன். பின்னால் கட்டிக்கொண்டாள். முப்பத்தாறு வயதுப் பெண், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

“எப்போதிலிருந்து?”

“நீங்க மோதிரத்தை மறைச்சீங்கல்ல உம்மா. அப்போலேந்து.”

ஜன்னலோரம் உட்கார வைத்தேன். காலை வெயில் நன்றாக விழும் இடம். மோதிர விரலின் நகத்தோரத்தில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் வைத்தேன். என் விரல் வளையாததில் இன்னொரு சொட்டு அவள் மடியில் விழுந்தது, அவள் துடைக்கவில்லை. அவருடைய லென்ஸை எடுத்துத் துடைத்துக் கண்ணருகே வைத்தேன்.

என் இடது கண்ணில் புரை. வலது கண்ணும் பழைய கண் இல்லை. குழாய்கள் சரியாக இருந்தால் இந்த லென்ஸில் எதுவும் தெரியக் கூடாது. கெட்ட கண்ணுக்காக நன்றி சொல்லிக்கொண்டே குனிந்தேன். யா அல்லாஹ், ஒன்றும் தெரியக் கூடாது, எனக்கு ஒன்றும் தெரியக் கூடாது.

நன்றாகத் தெரிந்தது.